ஒரே பாக்கெட் மருந்து, மூணு மண்ணு: ராஜாக்கமங்கலம் தோப்புல வாழை மஞ்சளிச்ச நிகழ்வு ஆய்வு

எங்க மாமாவுக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல மூணு எடத்துல நெலம் உண்டு. குலசேகரம் பக்கம் ஒரு மேட்டு விளை, 2021-ல ரப்பர் வெட்டுன பொறவு வாழை வச்சது. தக்கலைக்கு கீழ ஒரு பழைய வயல், பல வருசமா நெல்லு போடாம ஏத்தன் (நேந்திரம்) வாழையே நிக்குது. மூணாவது ராஜாக்கமங்கலம் பக்கம் கடலோரமா ஒரு தென்னந்தோப்பு, மணல் தரை, தென்னைக்கு இடையில ஏத்தனும் கொஞ்சம் மட்டியுமா 140 மூடு வாழை. 2023 மே கடைசியில, மழைக்கு முன்னாடி களைய அடக்கணும்னு மூணு எடத்துக்கும் டையூரான் 80 சதவீத தூள் அடிச்சாங்க. ஒரே கடை, ஒரே பேட்ச், ஒரே ஆளு, ஒரே ஸ்பிரேயர், ஒரே அளவு. இத முதல்லயே சொல்லிக்கிடுறேன், ஏன்னா இந்த கேஸ்ல மாறுனது மண்ணு மட்டும்தான், மத்த எல்லாம் ஒண்ணு. இப்படி ஒரு சோதனைய வேணும்னு திட்டம் போட்டாக்கூட இவ்வளவு சுத்தமா அமையாது.

ஆகஸ்ட்ல மாமா போன் பண்ணாங்க. "லேய் மக்கா, கடைக்காரன் என்னமோ டூப்ளிகேட் மருந்து தந்துட்டான் பாத்துக்கோ. வயல்ல புல்லு ஒண்ணும் சாவல, தோப்புல புல்லு செத்துச்சு, கூட வாழையும் சேந்து சாவுது." குலசேகரம் விளை எப்படி இருக்கு மாமான்னு கேட்டேன். "அங்கன ஒரு கொழப்பமும் இல்ல, களை நல்லா நிக்குது, வாழையும் நல்லா இருக்கு"ன்னாங்க. நல்லா நிக்குதுன்னா களை அடங்கி நிக்குதுன்னு அர்த்தம். அப்பவே எனக்கு பட்டுச்சு, டூப்ளிகேட்டா இருந்தா மூணு எடத்துலயும் ஒரே மாதிரிதான் சொதப்பியிருக்கணும், ஒரு எடத்துல வேலை செய்யாம ஒரு எடத்துல கூடுதலா வேலை செஞ்சிருக்குன்னா அது பாக்கெட்டோட குணம் கெடையாது, கீழ இருக்க மண்ணோட குணம்னு.

தோப்புல பாத்தது

நான் போனப்ப ரெண்டு விதமான மஞ்சள் ஒரே வாழையில இருந்துச்சு, இத கவனிக்காம விட்டிருந்தா மொத்த கேசும் கொழம்பியிருக்கும். கீழ உள்ள பழைய இலைங்க ஓரத்துலருந்து மஞ்சளாகி, பொறவு ஓரம் காகிதம் மாதிரி காஞ்சு, நரம்பு வழியா உள்ள ஏறியிருந்துச்சு. மேல உள்ள புது குருத்து இலைங்க வேற மாதிரி, ஒடுங்கி, நரம்புக்கு நரம்பு இடையில வெளுத்த கோடு கோடா. மாமா ரெண்டையும் ஒரே சீக்குன்னு நெனச்சிருந்தாங்க. எப்ப எது வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதுனேன். ஜூன்ல இடவப்பாதி மழை (தென்மேற்கு பருவமழை) பிடிச்சுது, ஜூன் கடைசியில பழைய இலை ஓரம் மஞ்சளிக்க ஆரம்பிச்சுது. ஜூலை தொடக்கத்துல யாரோ "மண்ணு புளிச்சுப் போச்சு, சுண்ணாம்பு போடுங்க"ன்னு சொல்ல, பக்கத்துல கிடைக்கிற சிப்பி சுண்ணாம்ப மூட்டுக்கு ரெண்டு கை கணக்குல போட்டுருக்காங்க. குருத்துல கோடு வந்தது அதுக்கு ஒரு மாசம் கழிச்சு.

பழைய இலை ஓரம் காய்றதுக்கு மணல் தரையில முதல் சந்தேகம் பொட்டாஷ் பற்றாக்குறைதான், அதுல தப்பே இல்ல, மணல்ல பொட்டாஷ் நிக்காது, வாழை பொட்டாஷ் பெருந்தீனி. டையூரானும் கிட்டத்தட்ட அப்படித்தான் காட்டும். வேர் வழியா தண்ணியோட மேல ஏறி, தண்ணி ஆவியாகிற எடத்துல, அதாவது முத்துன இலையோட ஓரத்துல போய் சேரும், அங்க ஒளிச்சேர்க்கைய நிறுத்தும். துத்தநாகம், அதான் ஜிங்க், போரான், இரும்பு இதெல்லாம் செடிக்குள்ள சுலபமா இடம் மாறாது, அதனால பற்றாக்குறை வந்தா புது இலையில முதல்ல தெரியும். ஆக கீழ் இலை ஒரு கதை, மேல் இலை இன்னொரு கதை. மாமாகிட்ட சொன்னேன், மாமா இது ரெண்டு கேசு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதுன்னு.

மண்ணுக்கு எத்தன கை இருக்கு

இத வெளக்காம மேல போக முடியாது, கொஞ்சம் பொறுமையா படிங்க. மண்ணுல ஒரு பொருள பிடிச்சு வைக்கிறது முக்கியமா மூணு.

ஒண்ணு களி. களித் துகள் மேல எதிர் மின்னேற்றம் இருக்கும், நேர் மின்னேற்றம் உள்ள பொட்டாஷ், கால்சியம், ஜிங்க் இதெல்லாம் அதுல ஒட்டும், இன்னொரு நேர் அயனி கூட்டமா வந்தா எடத்த விட்டுக் கொடுக்கும். எல்லா களியும் ஒண்ணு கெடையாது. கோவில்பட்டி பக்கம் கரிசல்ல இருக்க ஸ்மெக்டைட் களி, கிலோவுக்கு 80-லேருந்து 150 சென்டிமோல் (மின்னேற்றத்த அளக்குற அலகு) வரைக்கும் பிடிக்கும், தாள் அடுக்கின மாதிரி இருந்து நனஞ்சா விரியும், உள்ள போன பொருள மூடி வச்சிக்கிடும். நம்ம மாவட்டத்து செம்மண்ணுல இருக்கது பெரும்பாலும் கயோலினைட், அதுக்கு 3-லேருந்து 15 தான், விரியவும் செய்யாது. பாராகுவாட் மருந்து ரெட்டை நேர் மின்னேற்றம் உள்ளது, ஸ்மெக்டைட் அடுக்குக்குள்ள போனா திரும்பி வர்றது ரொம்ப கஷ்டம், கயோலினைட்ல வெளிப்புறமா ஒட்டி நிக்கும். (பாராகுவாட்ட பத்தி பேசும்போது ஒண்ணு சொல்லாம போக மனசு வரல, அத குடிச்சவங்கள காப்பாத்த மாத்து மருந்து கெடையாது, வீட்டுல வைக்காதீங்க, வாட்டர் பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க.)

ரெண்டாவது இரும்பு, அலுமினியம் ஆக்சைடு, சுருக்கமா துரு. குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கம் மண்ணு செக்கச் செவேல்னு இருக்குல்லா, அந்த சிவப்பு முழுக்க இதுதான். இதோட குணம் பிஹெச்ச, அதாவது மண்ணோட புளிப்ப காட்டுற எண்ண, பொறுத்து மாறும், எண்ணு கொறைய கொறைய புளிப்பு கூடும். பிஹெச் ஏழு எட்டுக்கு கீழ இருக்கும்போது துரு மேல நேர் மின்னேற்றம், அதனால எதிர் அயனிகள, அதாவது பாஸ்பேட், மாலிப்டினம், ஆர்சனிக், கிளைபோசேட் இதையெல்லாம் இழுத்துப் பிடிக்கும். சும்மா ஒட்டுறது மாதிரி கெடையாது, இரும்பு அணுவோட நேரடியா பிணைஞ்சுக்கும், தண்ணிய ஊத்தி கழுவுனா வராது.

மூணாவது மட்கு, கரிமம். மக்குன இலை, சாணி, வேர் இதுலருந்து வர்ற கருப்பு. அதுக்கு ரெண்டு வேலை. உலோகத்த இடுக்கி மாதிரி பிடிக்கும், அதுலயும் செம்புன்னா உயிரு, ஜிங்க்க விட செம்ப ரொம்ப எறுக்கமா பிடிக்கும். நம்ம ஊர்ல நல்லமிளகுக்கும் கமுகுக்கும் துரிசும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிக்கிறோம்லா, பிரான்சுல 1885-ல மில்லார்டே வெளிப்படுத்துனது, அந்த செம்பு எங்கயும் போறதில்ல, மேல் மண்ணு மட்குல அப்படியே குமிஞ்சு கெடக்கு. மட்கோட இன்னொரு வேலை, மின்னேற்றமே இல்லாத, தண்ணிய விரும்பாத மருந்துகள எண்ணெய்க் கறை துணியில பிடிக்கிற மாதிரி பிடிச்சு வைக்கிறது. டையூரான் அந்த ஜாதி. ஒரு லிட்டர் தண்ணியில 40 மில்லிகிராம் கிட்டத்தான் கரையும். களியும் துருவும் அத பெருசா கண்டுக்கிறதில்ல, அதுக்கு பிடிமானம் மட்குதான்.

ஒவ்வொரு மருந்தும் மண்ணு கரிமத்துல எவ்வளவு ஒட்டும்னு ஒரு எண் இருக்கு, பூச்சிமருந்து பட்டியல்கள்ல போட்டிருப்பாங்க. 2,4-டி-க்கு 20, அட்ரசினுக்கு 100, டையூரானுக்கு 480, கிளைபோசேட்டுக்கு 24,000, பாராகுவாட்டுக்கு 10 லட்சம். கடைசி ரெண்டும் கரிமத்தால வந்த எண் கெடையாது, களியும் துருவும் பிடிச்சத கரிமத்து கணக்குல எழுதியிருக்காங்க, அத மனசுல வச்சுக்கிட்டு படிக்கணும். டையூரான் நடுவுல நிக்கிற ஆளு, நல்ல மட்கு இருந்தா நிக்கும், இல்லேன்னா மழையோட கெளம்பும்.

சிரட்டைக் கரி சோதனை

லேப்ல மருந்து எச்சம் பாக்க செலவு அதிகம், நாளும் ஆகும். அதுக்குப் பதிலா தோப்புலயே செடி வச்சு பாத்தோம். மருந்து அடிச்ச எடத்துல மூணு ஆழத்துல மண்ணு எடுத்தோம், மேல 10 சென்டிமீட்டர், 10-20, 20-30. வேலிக்கு அந்தப் பக்கம் மருந்தே படாத மணலும் எடுத்தோம். ஒவ்வொண்ணையும் மூணு கப்புல போட்டோம், ஒண்ணு சும்மா, ஒண்ணுல பொட்டாஷ் சேத்து, ஒண்ணுல சிரட்டைக் கரிய நல்லா பொடிச்சு ஒரு பிடி சேத்து. எல்லாத்துலயும் வெள்ளரி விதை. கரி எதுக்குன்னா, அது இந்த மாதிரி மருந்த உறிஞ்சி பூட்டி வச்சிரும், தேங்காச் சிரட்டையிலருந்து செய்ற ஆக்டிவேட்டட் கார்பன் தண்ணி பில்டர்ல போடுறது இதே குணத்துக்குத்தான். கரி போட்ட கப்புல செடி பொழச்சு, போடாத கப்புல சாஞ்சா குத்தவாளி மருந்து. பொட்டாஷ் போட்ட கப்பு பொழச்சா குத்தவாளி பொட்டாஷ் பற்றாக்குறை.

இத செய்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், டையூரான் விதை முளைக்கிறத தடுக்காது. எல்லா கப்புலயும் ஜோரா முளைச்சுது, நாலாம் நாளு மாமா வந்து பாத்துட்டு "மண்ணுல ஒண்ணும் இல்ல மக்கா"ன்னு சொல்லிட்டாங்க. விதையில இருக்க சாப்பாடு தீந்து, செடி வெயில்ல சொந்தமா சமைக்க ஆரம்பிச்ச பொறவுதான் மருந்து வேலைய காட்டும், அதனால நல்ல வெளிச்சத்துல வைக்கணும், ரெண்டு மூணு வாரம் பொறுக்கணும். ஒரு கப்ப மட்டும் தென்னை நிழல்ல வச்சிருந்தேன், அதுல மஞ்சள் ரொம்ப லேட்டாத்தான் வந்துச்சு.

பதினெட்டாம் நாளு பாத்தப்ப வேலிக்கு அந்தப் பக்க மண்ணு எல்லாம் பச்சை. மருந்து அடிச்ச எடத்துல மேல் மண்ணு கப்புல இலை ஓரம் மஞ்சள், 10-20 சென்டிமீட்டர் மண்ணுல செடி முழுசா காஞ்சு போச்சு, 20-30-ல லேசா மஞ்சள். பொட்டாஷ் போட்டதும் அதே கதிதான். கரி போட்ட கப்பு மூணு ஆழத்துலயும் பச்சையா நின்னுச்சு. மாமா அந்த கப்புங்க முன்னாடி ரொம்ப நேரம் குத்த வச்சு உக்காந்திருந்தாங்க, எதும் சொல்லல. அடிச்ச மருந்து மேல இருக்கும்னு நெனச்சா அது ஒரு ஜாண் ஆழத்துக்கு எறங்கி, சரியா வாழை வேர் மேயுற எடத்துல போய் உக்காந்திருக்கு.

எப்படி எறங்குச்சு

மண்ணு டெஸ்ட் எடுத்தோம், கரிமம் தோப்புல 0.3 சதவீதம், குலசேகரம் விளையில 1.2, வயல்ல 2. டையூரானோட 480-அ இந்த சதவீதத்தால பெருக்குனா அந்தந்த மண்ணு எவ்வளவு பிடிக்கும்னு வரும். தோப்புல 1.4, விளையில 5.8, வயல்ல 9.6. அதாவது வயல் மண்ணு தோப்பு மண்ண விட கிட்டத்தட்ட ஏழு மடங்கு எறுக்கமா பிடிக்குது. இதோட மணல்ல தண்ணி தங்குற எடமும் கம்மி, அதனால அதே மழை ரொம்ப ஆழம் எறங்கும். 300 மில்லிமீட்டர் மழை மண்ணுக்குள்ள போச்சுன்னு வச்சுக்கிடுங்க, சாதாரண மண்ணு அடர்த்தி, ஈரப்பிடிப்பு போட்டு கணக்கு பாத்தா தோப்புல மருந்தோட நடுப்பகுதி 12, 13 சென்டிமீட்டர் எறங்கும், வயல்ல ரெண்டரை. நம்ம கப்பு சோதனை சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். காகிதத்துல போட்ட கணக்கும் வெள்ளரி செடியும் ஒரே எடத்த கைகாட்டுனப்ப எனக்கு சந்தேகம் தீந்துச்சு.

வயல்ல புல்லு சாவாததுக்கும் இதே கணக்குதான் காரணம். அங்க வருசா வருசம் சாணி, வாழைச் சருகு, தழை எல்லாம் போட்டு கருப்பா இருக்கு, மருந்த மட்கு பிடிச்சு வச்சுக்கிட்டு களையோட வேருக்கு போதுமான அளவு தண்ணியில விடல. கோரைய விட்டுருங்க, அது கிழங்குலருந்து வர்றது, டையூரானுக்கு அடங்காது, மத்த புல்லு வந்ததுக்கு காரணம் மட்கு. "அப்போ வயலுக்கு டோஸ் கூட்டணுமா"ன்னு மாமா கேட்டாங்க. லேபிள்ல கனமான மண்ணுக்கும் லேசான மண்ணுக்கும் வேற வேற அளவு வைக்கிறது இதுக்குத்தான், ஆனா என் அபிப்பிராயம், மட்கு நல்லா இருக்க வாழைக்கு மூடாக்கு போட்டு மருந்தே இல்லாம ஓட்டலாம், அங்க டோஸ் கூட்டுறது காசு கொடுத்து மண்ணுல பூட்டி வைக்கிற வேலை. டையூரானோட அரை ஆயுள் 90 நாள்னு போட்டிருக்காங்க, மே கடைசியில அடிச்சது ஆகஸ்ட் கடைசியிலயும் பாதி கெடக்கும்.

சுண்ணாம்பு செஞ்ச வேலை

இனி குருத்துல வந்த கோடு. ஜிங்க் பற்றாக்குறையான்னு பாக்க லேசான வழி உண்டு, அரை சதவீத ஜிங்க் சல்பேட் கரைசல ஒரு குருத்து இலையோட ஒரு பாதியில மட்டும் பிரஷ்ஷால தடவணும். பத்துப் பன்னெண்டு நாள்ல தடவுன பாதி பச்சை கூடுச்சு, தடவாத பாதி அப்படியே. சரி, ஜிங்க்தான். ஆனா மண்ணுல ஜிங்க் இல்லையான்னா, இருக்கு. பிரச்சன பிஹெச். வேலிக்கு அந்தப் பக்க மணல் 6.2, சுண்ணாம்பு போட்ட எடம் 8.1. செம்மண்ணா இருந்தா துருவும் மட்கும் சேந்து சுண்ணாம்ப தாங்கியிருக்கும், மணலுக்கு அந்த தாங்குற சக்தி கெடையாது, ரெண்டு கை சுண்ணாம்புல பிஹெச் எகிறிருச்சு. பிஹெச் ஒரு படி ஏறுனா மண்ணு கரைசல்ல ஜிங்க் நூறு மடங்கு கொறையும்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு, ரெண்டு படி கிட்ட ஏறுனா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கிடுங்க. பிஹெச் ஏற ஏற களி, துரு மேல எதிர் மின்னேற்றம் கூடும், ஜிங்க் இன்னும் எறுக்கமா ஒட்டும். டையூரானுக்கு மின்னேற்றம் இல்லாததால சுண்ணாம்பு அத பிடிக்கவும் செய்யல, விடவும் செய்யல. ஆக இல்லாத சீக்குக்கு மருந்து போட்டு, இருந்த சீக்கு அப்படியே இருக்க புதுசா ஒண்ணு சேந்துச்சு. மாமாவ குத்தம் சொல்ல மாட்டேன், மஞ்சள பாத்தா யாருக்கும் பதறும், கையில கெடைச்சத போடத்தான் தோணும்.

போரானும் அதே எடத்துல அடி வாங்கியிருந்துச்சு. நம்ம பிஹெச்ல போரான் மின்னேற்றமே இல்லாத போரிக் அமிலமா இருக்கும், மழையோட சுலபமா அடிச்சுட்டு போயிரும், மணல்ல சொல்லவே வேணாம். சுண்ணாம்பு போட்டு பிஹெச் எட்ட தாண்டுனா மிச்சம் இருக்கதும் மண்ணுல ஒட்டிக்கிடும். மாலிப்டினம் மட்டும் நேரெதிர், பிஹெச் ஏறுனா அது வெளிய வரும்.

மண்ணு டெஸ்ட் ரிப்போர்ட்ட பத்தி இங்க ஒண்ணு சொல்லணும். ஜிங்க் பாக்க பெரும்பாலும் டிடிபிஏங்கிற கரைசல் பயன்படுத்துறாங்க, 1978-ல லிண்ட்சேயும் நார்வெல்லும் உருவாக்குனது, அவங்க அத செஞ்சது சுண்ணாம்பு கலந்த, கிட்டத்தட்ட நடுநிலையான மண்ணுக்கு, கரைசலோட பிஹெச்சே 7.3. நம்ம பக்கத்து புளிப்பு செம்மண்ணுக்கு அது அவ்வளவு பொருந்தாது, கேரளாவுல புளிப்பு மண்ணுக்கு லேசான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல எடுத்து பாக்குறாங்க. நம்ம விளைமண்ணு அவங்க மண்ணோட சொந்தக்காரன், அதனால ரிப்போர்ட் வாங்கும்போது எந்த கரைசல்ல எடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

மொத்தம் எவ்வளவு இருக்குங்கிறதுக்கும் செடிக்கு எவ்வளவு கெடைக்கும்ங்கிறதுக்கும் எவ்வளவு தூரம்னு காட்ட நம்ம மணவாளக்குறிச்சி மணலே போதும். 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் இங்கருந்து ஏத்துமதி ஆன கயிறுல ஒட்டி வந்த மணல பாத்து அதுல மோனசைட்ங்கிற தாது இருக்கத கண்டுபிடிச்சார். மோனசைட்டுல தோரியம் ஆக்சைடு 8-லேருந்து 10 சதவீதம் இருக்கும், கூட அரிய மண் தனிமங்கள். ஆனா எல்லாம் பாஸ்பேட் படிகத்துக்குள்ள அடச்சு கெடக்கு, மழைத் தண்ணிக்கு அது அசையாது, செடிக்கும் கெடைக்காது. கதிர்வீச்சு தனி விசயம், இங்க நான் பேசுறது தண்ணியில கரையுறத பத்தி மட்டும். மண்ணுல இருக்குன்னு ரிப்போர்ட்ல வர்ற எண்ணுல படிகத்துக்குள்ள பூட்டுனது, துருவோட பிணைஞ்சது, மட்குல தொங்குறது, களி மேல சும்மா ஒட்டி நிக்கிறது, கரைசல்ல மிதக்குறதுன்னு அஞ்சு வகை கலந்து கெடக்கும், வேருக்கு உடனே கெடைக்கிறது கடைசி ரெண்டுதான்.

வயலுக்கு பக்கத்து நெல்லு

மாமா வயலுக்கு அடுத்த வரப்புல இன்னும் நெல்லு போடுறாங்க, கன்னிப்பூவும் கும்பப்பூவும். அங்க தண்ணி மேல எண்ணெய் மாதிரி ஒரு பாடை, அதாவது மெல்லிசா ஒரு ஏடு, மின்னும், ஓரத்துல செங்கல் நெறத்துல ஊறல். யாரோ பம்புசெட் டீசல ஊத்திட்டாங்கன்னு சண்டையே நடந்திருக்கு. ஒரு குச்சிய எடுத்து பாடைய கீறிப் பாருங்க, டீசல்னா திரும்ப ஒண்ணு சேரும், இரும்புப் பாடைன்னா கண்ணாடி மாதிரி ஒடைஞ்சு தனித்தனியா நிக்கும். நாங்க கீறுனப்ப ஒடைஞ்சுது. மேட்டு விளையிலருந்து ஊறி வர்ற தண்ணி, வயல்ல காத்து இல்லாத சேறு, ரெண்டும் சேந்தா துரு கரையும். தண்ணி கட்டி ஒண்ணு ரெண்டு நாள்ல மண்ணுல ஆக்சிஜன் தீந்துரும், பொறவு நுண்ணுயிருங்க நைட்ரேட்ட எடுக்கும், அதுக்கப்புறம் மாங்கனீசு, அப்புறம் இரும்பு. துரு கரையும்போது அது இத்தன நாளு பிடிச்சு வச்சிருந்த பாஸ்பேட்டும் மத்ததும் சேந்து வெளிய வரும். அதனாலதான் தண்ணி கட்டுன நெல்லுக்கு பாஸ்பேட் கொஞ்சம் தானா கெடைக்கும். ஜிங்க்குக்கு மட்டும் தண்ணி கட்டுனா கேடு, புளிப்பு மண்ணு பிஹெச் ஏழ நோக்கி ஏறும், ஜிங்க் பூட்டிக்கிடும். பந்த்நகர்ல நேனே 1966-ல அடையாளம் காட்டுன கைரா நோய் இதுதான், இலையில துரு நெறப் புள்ளி. இரும்பு கூடுனாலும் இலை வெண்கல நெறம் ஆகும், ரெண்டையும் கொழப்பிக்கிட்டு ஜிங்க்க கொட்டுறவங்க உண்டு, இரும்பு கூடுதல்னா தண்ணிய வடிச்சு மண்ண கொஞ்சம் காய விட்டாலே துரு திரும்ப உறைஞ்சிரும்.

குலசேகரம் விளையில பாஸ்பேட்ட ஏன் நிறுத்தி வச்சோம்

விளையில ஒரு சேதமும் இல்ல, ஆனா அங்க ஒரு பழைய கணக்கு கெடந்துச்சு. 2021-ல ரப்பர் வெட்டுன ஒடனே கம்யூனிஸ்ட் பச்சைங்கிற களையும் கொடியும் மண்டிக் கெடந்ததுக்கு கிளைபோசேட் அடிச்சாங்க. 2022 அக்டோபர்ல மத்திய அரசு கிளைபோசேட்ட பூச்சிக் கட்டுப்பாட்டு லைசென்ஸ் உள்ளவங்க மட்டும் அடிக்கணும்னு கட்டுப்பாடு போட்டது, அதுக்கு முன்னாடி நடந்தது இது. கிளைபோசேட்டோட வரலாறு இந்த கேசுக்கு ரொம்ப பொருந்தும். அது களைக்கொல்லியா ஆகுறதுக்கு முன்னாடியே, 1964-ல உலோகத்த பிடிக்கிற பொருளா பேடன்ட் ஆனது, 1970-ல ஜான் பிரான்ஸ்தான் அது செடிய கொல்லும்னு கண்டார், 1974-ல கடைக்கு வந்துச்சு. உலோகத்த பிடிக்கிற அந்த பாஸ்பனேட் கைதான் செம்மண்ணுல இரும்போட பிணையுது. மண்ணுல பட்டதும் செயல் இழந்துரும்னு சொல்றது அதனாலதான், சொன்னவங்க பொய் சொல்லல.

ஆனா அந்த இரும்பு கைக்கு பாஸ்பேட்டும் வேணும். அதிகமா பாஸ்பேட் வந்தா பழசு எடத்த விட்டு எறங்கும். ஜெர்மனியில ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2011-ல சோயா வச்சு இத காட்டுனாங்க, கிளைபோசேட் அடிச்ச மண்ணுல பொறவு பாஸ்பேட் உரம் போட, சில மண்ணுல எச்சம் வெளிய வந்து செடிய பாதிச்சுது. மாமா பழக்கம் என்னன்னா கன்னு வைக்கிற குழியில சூப்பர் பாஸ்பேட்ட அள்ளிப் போடுறது. 2021-ல அடிச்சதுல இப்ப மிச்சம் ரொம்ப கொஞ்சம்தான், நுண்ணுயிரு தின்னிருக்கும், ஆனாலும் இனி எங்கயாவது கிளைபோசேட் பட்ட செம்மண்ணா இருந்தா குழியில பாஸ்பேட்ட மொத்தமா கொட்டாதீங்க, கன்னு பிடிச்ச பொறவு கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு குடுங்கன்னு சொன்னேன். செம்மண்ணுல மொத்தமா போட்ட பாஸ்பேட்டும் துருவுல போய் பூட்டிக்கிடும், அதுலயும் நஷ்டம்தான்.

தோப்புக்கு செஞ்சது

போட்ட சுண்ணாம்ப திரும்ப எடுக்க முடியாது. தழைச்சத்துக்கு யூரியாவ விட்டுட்டு அம்மோனியம் சல்பேட் குடுத்தோம், அது மெதுவா புளிப்பாக்கும். ஜிங்க்க மண்ணுல போடல, போட்டா அதுவும் பூட்டிக்கிடும், அரை சதவீத ஜிங்க் சல்பேட்டும் 0.1 சதவீத போரிக் அமிலமும் இலையில தெளிச்சோம். டிஏபி கரைசல அதே டாங்க்ல கலக்கலாமான்னு ஆளு கேட்டார், கூடாது, ஜிங்க் பாஸ்பேட்டா அடியில படிஞ்சிரும். போரான கை கூடாம பாத்துக்கிடணும், பத்தாததுக்கும் விஷமாகுறதுக்கும் இடையில இடைவெளி ரொம்ப கொஞ்சம்.

மருந்துக்கு கரிதான். அடிச்ச மருந்தோட எடைக்கு நூறு, இருநூறு மடங்கு ஆக்டிவேட்டட் கரி வேணும்னு கணக்கு, அத்தனை வாங்க கட்டுப்படியாகாது, சாதாரண சிரட்டைக் கரிக்கு அந்த பலமும் கெடையாது. அதனால உயிரோட இருந்த மூட்டுங்கள சுத்தி மட்டும், வேர வெட்டாம மேலாக கிளறி, பொடிச்ச கரியும் நல்லா மக்குன தென்னை நார்க்கழிவு கம்போஸ்ட்டும் சேத்தோம். மாமா பச்சை சாணிய கரைச்சு ஊத்தலாம்னாங்க, வேண்டாம்னேன். மக்குன உரம் எடத்துல நின்னு பிடிக்கும், சாணிக் கரைசல்ல தண்ணியோட ஓடுற கரிமம் இருக்கு, அது மருந்தையும் செம்பையும் முதுகுல தூக்கிட்டு கீழ போகும், தோப்புல கிணறு பதினஞ்சு அடிதான்.

140 மூட்டுல 40 கிட்ட போச்சு. மிச்சதுல பாதி குலை தள்ளுனது லேட், சீப்பும் கொறவு. போன எடத்துல புதுக் கன்னு வைக்க துலாவர்ஷம் (வடகிழக்கு பருவமழை) முடிஞ்சதும் மாமா அவசரப்பட்டாங்க, மறுபடி மூணு ஆழத்துல மண்ணெடுத்து வெள்ளரி போடச் சொன்னேன். ஜனவரியில 10-20 கப்பு மட்டும் இன்னும் ஓரம் மஞ்சளிச்சுது. மார்ச்ல போட்டதுல மூணு கப்பும் நாலு இலை தாண்டி பச்சையா கொடி வீசுச்சு, அந்த வாரமே மாமா 40 குழி எடுத்து, குழிக்கு ரெண்டு கூடை கம்போஸ்ட் போட்டு கன்னு வச்சாங்க.